கோழிக்கூண்டுக் கதவின் இரண்டு வார்கள்

எங்கள் தோட்டத்தில் ஒரு கோழிக்கூண்டு இருக்கிறது. பலகைக் கூண்டு. அதன் கதவுக்கு இரும்புக் கீல் கிடையாது. இரண்டு கறுப்புத் தோல் வார்களை ஆணியடித்து, அவற்றில்தான் அப்பா கதவைத் தொங்கவிட்டிருக்கிறார். வார் ஒவ்வொன்றும் ஒரு விரல் அகலம் இருக்கும். மேல் வாரில் சின்னதாக ஒரு பக்கிள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கதவை மாட்டி முடித்த அன்று அப்பா கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "கவருமெண்டு சாமான் பாரு, நம்ம காலத்துக்கும் அறுகாது" என்றார். வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது. கூண்டின் பலகையை மாற்றியாகிவிட்டது, கோழிகள் எத்தனையோ தலைமுறை போய்விட்டன, வார் அப்படியே இருக்கிறது. பிறந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அது என் கண்ணில் படுகிறது.

அந்த வார்கள் என் அத்தையின் செருப்பில் இருந்தவை. அத்தை என்றால் அப்பாவுக்கு மூத்தவள், கூடப் பிறந்த ஒரே அக்கா. எடப்பாடிக்கும் ஜலகண்டாபுரத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். ஊருக்குள் வீடு, ஊருக்கு வெளியே தோட்டம், தோட்டத்தில் ஒரு சாளை. கிணற்றடியில் ஆளும் பொருளும் இருக்கக் கட்டிய சின்ன ஓட்டு வீட்டை எங்கள் பக்கம் சாளை என்போம். அத்தையைக் கட்டிக்கொடுத்த இடத்தில் அவள் முதுகில் வெளிறிய திட்டு ஒன்றைப் பார்த்தார்கள். கிள்ளிப் பார்த்தார்கள், வலிக்கவில்லை என்றாள். மறுநாளே வண்டி கட்டிக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் வீட்டார் அவளை வாசலிலிருந்து உள்ளே கூப்பிடவில்லை, அதே வண்டித் தடத்தில் சாளைக்கு அனுப்பினார்கள். தொழுநோய் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை. "அக்காளுக்கு ஒடம்புக்குச் சேரல" என்பார் அப்பா. இத்தனை வருடமாகச் சேராத உடம்பு என்ன உடம்பு என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எல்லோரும் மரியாதைக்காரர்கள்.

அத்தையை நினைத்ததும் பாவமாக ஒரு முகம் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் வாய்க்கு எங்கள் ஊரே பத்தாது. சோறு கொண்டுபோகும் வேலை என்னுடையது, நான் ஆசையாகப் போவேன். அவள் மேய்த்த ஆடுகளுக்கெல்லாம் எங்கள் சொந்தக்காரர்களின் பெயர் வைத்திருந்தாள். கோயில் காரியம் பார்க்கும் பெரியப்பாவின் பெயர் ஒரு தாடிக் கிடாய்க்கு. "உங்க பெரியப்பன் காலைல இருந்து அடுத்தவன் காட்டுலயே வாய வெக்கறான். நாலு போடு போட்டு இப்பத்தான் இழுத்தாந்து கட்டுனேன்" என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வாள். எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். விரல்கள் மடங்கிப்போயிருந்த கையால் அவள் கடலைக்கொடி ஆய்வதைப் பார்த்தால் நல்ல கைக்காரி தோற்றுப்போவாள். காக்கை ஓட்டினாள், ஆடு பார்த்தாள், கிணற்று மோட்டாரைப் போட்டு நிறுத்தினாள். அவளுடைய உழைப்பு எங்களுக்கு ஆகும், அவள் தொட்ட சொம்பு மட்டும் ஆகாது. அவளுக்கென்று ஒரு அலுமினியத் தட்டு இருந்தது. கொண்டுபோன சோற்றைக் கல்லின் மேல் வைத்துவிட்டு விலகி நிற்கவேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. நான் விலகி நின்றதில்லை, அதற்காக வாங்கிய அடியும் கொஞ்சமில்லை.

எழுபதுகளின் கடைசியில் அரசாங்கத்து ஆள் சைக்கிளில் வர ஆரம்பித்தார். தொழுநோயை அப்போது பெருநோய் என்பார்கள், பெருநோய் இன்ஸ்பெக்டர் என்பது அவர் உத்தியோகத்தின் பெயர். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், பேச்சு எங்கள் பேச்சு இல்லை. இந்த நோய் வந்தவர்களை ஊரை விட்டு ஓட்ட வேண்டாம், வீட்டிலேயே குடும்பத்தோடு வைத்துப் பாருங்கள், மருந்தும் கவனிப்பும் உங்கள் வாசலுக்கு வரும் என்றது அரசாங்கம். மாதம் ஒருமுறை இன்ஸ்பெக்டர் வருவார். மாத்திரை கொடுப்பார். அத்தையின் இரண்டு காலையும் தொட்டியில் ஊறவைக்கச் சொல்லி, அவரே குனிந்து உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அத்தையின் காலை யாரோ ஒருவர் கையால் தொட்டு நான் பார்த்தது அப்போதுதான். அத்தைக்கே கூச்சமாகிப்போய், "உடுங்க சாமி, ஆட்டுப் புழுக்கை மிதிச்ச காலு" என்று இழுத்துக்கொள்வாள்.

ஒருநாள் காகிதத்தைத் தரையில் விரித்து, அதன்மேல் அவளை நிற்கச் சொல்லி, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டார். செருப்புக்கு அளவு. அத்தை குனிந்து அந்தப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாத்துக்கிட்டு இருந்தாத்தானுங்க தெரியுது, நீங்க கோடு போடறது" என்றாள். உள்ளங்காலில் உணர்ச்சி சுத்தமாக இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அடுத்த மாதம் செருப்பு வந்தது. கறுப்புச் செருப்பு. மிதிக்கும் இடத்தில் மெத்தென்ற ரப்பர், முன்னால் இரண்டு பட்டை, குதிகாலைச் சுற்றிப் பின்னால் ஒரு வார், வாரில் பக்கிள். அப்பாவும் அன்று அங்கே இருந்தார். அதை நான் அழுத்திச் சொல்லவேண்டும். இன்ஸ்பெக்டர் இரண்டு பேரையும் பார்த்துத்தான் சொன்னார்: "ஏம்மா, இந்தப் பின்வார்தான் முக்கியம். உங்களுக்குக் கால்ல உணர்ச்சி கெடையாது. வார் இல்லன்னா செருப்பு எங்க கழண்டு விழுந்துச்சுன்னே தெரியாது. வெறுங்கால்ல நடந்துக்கினே இருப்பீங்க. புண்ணு வந்தா வலிக்காது. வலிக்காத புண்ணுதான் காலையே கொண்டுபோவும்." அப்பா தலையை ஆட்டினார். "செரிங்க, நான் பாத்துக்கறனுங்க" என்றார்.

அத்தை அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு களத்தை ஒரு சுற்று சுற்றி வந்தாள். பிறகு என்னிடம் வந்து, "இதுதாண்டி கவருமெண்டு எனக்குப் பாத்து உட்ட மாப்பள. மொதல்ல வந்தவன் கைய உட்டுட்டான். இவன் காலப் புடிச்சுக்கிட்டு உடவே மாட்டேங்கறான்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்ற அந்த வார்த்தையை எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். கேட்க நல்ல வார்த்தை. சொன்னவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள். யாரோ எங்கோ உட்கார்ந்து, வீடு என்றால் அங்கே ஒரு மனுஷியைப் பிடித்து நடத்த நாலு கை இருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? மருந்து வாசல் வரைக்கும் வந்தது. வாசல் எங்களுடையது. அதைத் திறப்பதும் சாத்துவதும் எங்கள் குடும்ப கௌரவத்தின் கையில் இருந்தது.

எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன் கிணற்றைப் பார்ப்பார்கள். தண்ணீர் எவ்வளவு, மோட்டார் எத்தனை நேரம் ஓடும், குச்சிக்கிழங்குக் காடு எதுவரைக்கும் என்று நடந்து பார்த்துவிட்டுத்தான் பலகாரத்தில் கை வைப்பார்கள். எடப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளையின் மாமா ஒருவரும் வந்திருந்தார். அத்தையைச் சாளைக்குள் வைத்துக் கதவை வெளியே நாதாங்கி போட்டிருந்தார்கள். இருமக்கூடக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஆளை மறைத்த அவசரத்தில் செருப்பை மறந்துவிட்டார்கள். அது சாளை வாசலில், வெயிலில், ஜோடியாகக் கிடந்தது. அந்த மாமா அதைப் பார்த்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார், தண்ணீர் நன்றாயிருக்கிறது என்றார், காப்பியை வேண்டாம் என்றுவிட்டார். மறுநாள் ஆள் மூலம் செய்தி வந்தது. "அந்தப் பின்வாரு வெச்ச செருப்பு எங்கூர்லயும் ஒருத்தரு போட்டிருக்காருங்க. அது யாரு போடற செருப்புன்னு எங்களுக்குத் தெரியுமுங்க." அவ்வளவுதான் செய்தி.

அப்பா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் சூரிக்கத்தியை எடுத்துக்கொண்டு சாளைக்குப் போனார். சோற்றோடு நானும் அம்மாவும் பின்னால் போனோம். அப்பா கல்லின்மேல் உட்கார்ந்து, ஒரு செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் சாப்பிட்ட தட்டைத் தொடாத மனிதர், அவள் செருப்பை மடியில் வைத்துக்கொண்டார். பின்வாரை அடியோடு ஒட்ட அறுத்தார். பிசிறு தெரியாமல் இருக்க ஓரத்தைக் கல்லில் தேய்த்தார். அந்த வேலையின் சுத்தம்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. ஆத்திரத்தில் வெட்டி எறிந்திருந்தால்கூட மன்னித்திருப்பேனோ என்னவோ. அவர் ஆசாரி மாதிரி நிதானமாகச் செய்தார். தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இப்பக் கடைச் செருப்பாட்டமே இருக்குது" என்றார்.

"ஏண்டா, அந்த இன்ஸ்பெட்டரு வாரு இல்லாமப் போடவே கூடாதுன்னாரே" என்றாள் அத்தை.

"கீழ பாத்து நடந்தாப் போச்சு. புள்ளைக்கு ஒரு நல்லது நடக்க வேண்டாமாக்கா?"

எனக்கு அப்படி ஒரு நல்லது வேண்டாம் என்று நான் வாயைத் திறந்தேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்து, "செரி, அதையும் அறு" என்று இன்னொரு செருப்பைக் காலால் தள்ளிவிட்டாள். அறுத்த வார்களை அப்பா வீணாக்கவில்லை. எங்கள் ஆட்கள் எதையும் வீணாக்கமாட்டார்கள். அன்று சாயங்காலமே கோழிக்கூண்டுக்குக் கதவு மாட்டிவிட்டார்.

செருப்பு மட்டும் போதுமா? சைக்கிளும் வரக்கூடாது அல்லவா? சந்தையன்று ஜலகண்டாபுரத்தில் அப்பா இன்ஸ்பெக்டரைப் பார்த்துப் பேசிவிட்டார். தோட்டத்துப் பக்கம் வரவேண்டாம், மாத்திரையை இங்கேயே என் கையில் கொடுத்துவிடுங்கள் என்றார். அந்த மனிதர் ஒரு பேச்சுக்காவது மறுத்திருக்கலாம். காலைப் பார்க்காமல் மாத்திரை மட்டும் எப்படிக் கொடுப்பது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வெயிலில் அவ்வளவு தூரம் சைக்கிள் மிதிக்கும் வேலை மிச்சம். போதாததற்கு அப்பா வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுக்கும் தேங்காயும் கடலையும். சந்தைச் சந்தில் ஒரு டீக்கடை, டீக்கடையில் அப்பாவும் அவரும், நடுவில் ஒரு மாத்திரைப் பொட்டலம். அதுதான் எங்கள் அத்தைக்கு அரசாங்கம் வீடு தேடி வந்து செய்த வைத்தியம். அப்பா மாத்திரையை ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுத்தார், அதில் குறை சொல்ல மாட்டேன். காலைத்தான் ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை. அத்தை எனக்கும் காட்டமாட்டாள். "வயசுப் புள்ள, போ அக்கட்ட" என்று சேலையை இழுத்து மூடிக்கொள்வாள்.

சோளம் அறுத்த காடு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சாய்வாக அறுத்த கட்டை ஒவ்வொன்றும் ஆணி. அந்தக் காட்டில் அவள் ஆடு மேய்த்தாள். செருப்பு ஒரு பக்கம் கழன்று கிடக்கும், அவள் பாட்டுக்கு ஆட்டின் பின்னால் போய்க்கொண்டிருப்பாள். நானே இரண்டொரு தடவை பொறுக்கிக்கொண்டு ஓடிப்போய்க் கொடுத்திருக்கிறேன். குனிந்து பார்த்து, "அட, மாப்பள மறுபடியும் கோவிச்சுக்கிட்டாரா" என்பாள். கொஞ்ச நாளில் அந்தக் கேலியும் நின்றது. சாளைக்குள் போனால் ஒரு வாடை வந்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று அம்மா சாம்பிராணி கொடுத்து அனுப்பினாள். நானும் மூலை மூலையாக எலியைத் தேடினேன். ஒருநாள் மத்தியானம் நான் சோறு கொண்டுபோனபோது அத்தை கட்டிலில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்க வா சாமி. காத்தால இருந்து எறும்பு சாரி சாரியாப் போவுது. எங்கதான் போவுதுன்னு பாத்துக்கிட்டே வந்தேன். என்ற காலுக்குத்தான் போவுது" என்றாள். அழவில்லை. ஏதோ பக்கத்துக் காட்டுச் சேதி சொல்வது போலச் சொன்னாள்.

சேலம் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அத்தை திரும்பி வரவில்லை. அழைத்துவர யாரும் போகவில்லை என்பதுதான் சரி. இந்த நோய்க்காரர்களை வைத்துப் பார்க்கும் ஒரு விடுதியில் சேர்த்துவிட்டு வந்து, அக்காள் கோயில் குளம் என்று போய்விட்டாள் என்று அப்பா ஊரில் சொன்னார். ஊர் நம்பியது. அடுத்த தையில் அயோத்தியாப்பட்டணத்தில் எனக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவளைப் பக்கத்தில் வைத்து, இரண்டு பேரையும் ஒரு கூறைச்சேலையால் இணைத்துச் சீர் செய்வார்கள். கட்டிக்கொண்டவள் வந்துவிட்டாலும் கூடப்பிறந்தவளைக் கைவிடமாட்டேன் என்பது அதன் பொருள். நோய் தெரிவதற்கு முன் நடந்த அப்பாவின் கல்யாணத்தில் அந்தச் சேலையோடு நின்றவள் அத்தை. என் கல்யாணத்தில் என் வீட்டுக்காரரும் அவர் தங்கையும் அப்படி நிற்கும்போது அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பார்த்தவர்கள், பெண்ணைப் பிரிகிற துக்கம் என்று நினைத்தார்கள். நான் பந்தியில் ஒரு வாய் சாப்பிடவில்லை.

கல்யாணமான பிறகு ஒரு தடவை அந்த விடுதிக்குப் போய் அத்தையைப் பார்த்தேன். கட்டைக்காலோடு வெயிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அங்கேயும் ஒரு பூனைக்கு எங்கள் பெரியப்பாவின் பெயரை வைத்திருந்தாள். என்னோடு ஊட்டுக்கு வாங்கத்தை என்றேன். "எந்த ஊட்டுக்கு? போதும் சாமி, ஊட்ல வெச்சுப் பாத்தது" என்றாள். இரண்டு வருடம் கழித்து அவள் போய்விட்ட சேதி வந்தது. உடலை வாங்க அப்பா போகவில்லை. ஆனால் கருமாதி பிரமாதமாகச் செய்தார். கோயில் குளம் என்று போனவள் புண்ணியவதி என்று சொல்லிக்கொண்டே ஊர் வந்து சாப்பிட்டுப் போனது.

இப்போது சாளை இருந்த இடத்தில் மாடி வைத்த மெத்தை வீடு. அம்மா போனபின் அப்பா அங்கேதான் இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, பல வருடமாகச் சர்க்கரை. நடமாட முடியாதவர்களை வீட்டிலேயே வந்து பார்க்கும் அரசாங்கத்து நர்ஸ் பெண் ஒருத்தி மாதாமாதம் வண்டியில் வருகிறாள். வண்டியை வாசலில் நடுவிலேயே நிறுத்தச் சொல்கிறார் அப்பா. அக்கம்பக்கத்தார் பார்க்கட்டும் என்று. போன மாதம் நான் போயிருந்த அன்று அந்தப் பெண் வந்தாள். முகம் சுளிக்காமல் அப்பாவின் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். பக்கத்தில் புதுச் செருப்பு இருந்தது. சேலத்தில் அளவெடுத்துத் தைத்தது. கறுப்பு நிறம், மெத்தென்ற ரப்பர், முன்னால் இரண்டு பட்டை, பின்னால் வார், வாரில் பக்கிள்.

"சக்கரைக்காரங்களுக்குன்னே இருக்கற செருப்பு கண்ணு. பின்வாரு இருக்கோணும். இல்லீன்னா கழண்டு உழுந்தாலும் தெரியாது" என்று அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தார். வாய் கூசவில்லை அவருக்கு. குனிய முடியாது என்பதால் என்னையே போட்டுவிடச் சொன்னார். தரையில் உட்கார்ந்து மாட்டினேன். "இன்னுங் கொஞ்சம் இறுக்கு சாமி" என்றார். இறுக்கினேன்.

நர்ஸ் பெண் வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏனுங்கய்யா, உங்க குடும்பத்துல யாருக்காச்சும் இந்த மாதிரி புண்ணு வந்து காலு எடுத்திருக்குதுங்களா?"

"எங்க குடும்பத்துல அப்படி யாருக்கும் இல்லீங்க" என்றார் அப்பா.

நான் எழுந்தேன். "இருக்குதுங்க. எங்கத்தைக்கு. இவருக்குக் கூடப்பொறந்த அக்கா. இதே எடத்துலதான் இருந்தாங்க" என்றேன்.

"அவங்களுக்கும் சக்கரைங்களாக்கா?"

"இல்லீங்க, பெருநோய். ஆனாக் காலு போனது அதால இல்லீங்க, எங்கப்பாவால. இதே மாதிரி செருப்பு அவங்களுக்கும் கவருமெண்டு குடுத்துச்சுங்க. அதோட பின்வாரு, அதா, அந்தக் கோழிக்கூண்டுக் கதவுல இருக்குது பாருங்க."

அந்தப் பெண் திரும்பிக் கூண்டைப் பார்த்தாள். அப்பா கூண்டைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தலையைத் தாழ்த்தித் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வார் இறுக்கமாகத்தான் இருந்தது.